எம்என்டி இருக்கிற அப்பாவை மலைமேல வீட்ல வெச்சு கவனிக்கிறப்போ எதையெல்லாம் பாக்கணும்

ஏற்காடு மலைல நாகலூர் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. அப்பாவுக்கு 57 வயசு, காபி எஸ்டேட்ல சூப்பர்வைசரா இருந்தவரு, போன வருஷம் எம்என்டி, அதாவது தசைய இயக்கற நரம்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செயலிழந்து போற மோட்டார் நியூரான் நோய்னு சொல்லிட்டாங்க, முதல்ல வலது கால் இழுத்துச்சு, இப்போ ரெண்டு கையும் வீக். வீட்ல விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்கற ஆக்சிமீட்டர் வாங்கி வெச்சு ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை பாக்கறாங்க, எப்பவும் 95, 96 காட்டுது, ஆனா ஒரு மாசமா அப்பா ராத்திரி சரியா தூங்கறதில்ல, பகல்ல உக்காந்தபடியே கண் அசந்து போறாரு, பெங்களூர்ல இருக்கிற அண்ணன் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கி அனுப்பறேன்னு சொல்றாரு, வாங்கலாமா, வீட்ல வேற என்ன பாக்கணும், பாத்தத அப்பாகிட்ட சொல்லலாமான்னு கேட்டிருக்காங்க. நான் சேலத்துல பிசியோதெரபிஸ்ட், இந்த மாதிரி நோயாளிகள் வீட்டுக்குப் போய் பாக்கறது தான் என் வேலையில பெரும்பங்கு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல அவசரமானத சொல்லிடறேன் தங்கச்சி. ராத்திரி தூக்கம் கெடறது, பகல்ல அசந்து போறது, இது ரெண்டும் சேந்து வந்தா அது கவலைனால வர்ற தூக்கக்கேடுன்னு விட்டுடாதீங்க. காலைல எழுந்ததும் தலைவலி இருக்கான்னு கேளுங்க. தலகாணி எத்தனை வெக்கிறாரு, முன்ன ஒன்னு வெச்சவரு இப்போ மூணு வெக்கிறாரா, இல்ல மல்லாந்து படுத்தா முடியலன்னு சேர்லயே தூங்கறாரான்னு பாருங்க. கெட்ட கனவு, திடுக்குன்னு முழிச்சுக்கறது, சாப்பாட்டுல பிடிப்பு இல்லாம போறது, பேசினா மறந்துடறது, இதெல்லாம் ஒரே கதையோட பாகம் தான். ஆக்சிமீட்டர் 96 காட்டினாலும் பரவாயில்ல, இந்த வாரமே நியூராலஜிஸ்ட்டுக்கோ நுரையீரல் டாக்டருக்கோ போன் பண்ணுங்க.

ஏன் 96 காட்டியும் பயப்படச் சொல்றேன்னா, இந்த நோய்ல நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, துருத்தி ஊதுற கை தான் சோர்ந்து போகுது. மூச்சை உள்ள இழுக்கிற முக்கியமான தசை உதரவிதானம், டாக்டருங்க டயாஃப்ரம்ன்னு சொல்லுவாங்க. அது வீக் ஆனா மூச்சு மேலோட்டமா போகும், அப்போ முதல்ல நடக்கிறது ஆக்சிஜன் குறையறது இல்ல, கார்பன் டை ஆக்சைடு வெளிய போகாம ரத்தத்துல தேங்கறது தான். விரல்ல மாட்டற மிஷினுக்கு கார்பன் டை ஆக்சைடு தெரியவே தெரியாது. அதுவும் ராத்திரி தான் முதல்ல ஆரம்பிக்கும், ஏன்னா கனவு வர்ற தூக்கத்துல கழுத்து, விலா பக்கத்து தசையெல்லாம் தளர்ந்து போயிடும், அந்த நேரத்துல டயாஃப்ரம் ஒன்னு தான் வேலை செய்யும், அதுவே வீக்னா மூச்சு பத்தாது, மூளை பயந்து எழுப்பி விட்டுடும், இப்படி ராத்திரி பூரா எழுப்பினா பகல்ல தூக்கம் வராம என்ன பண்ணும். காலைல தலைவலிக்குக் காரணமும் அந்தத் தேங்கின கார்பன் டை ஆக்சைடு தான். நீங்க பகல்ல அஞ்சாறு தடவை பாக்கிற நம்பர்ல இது எதுவுமே வராது. அந்த நம்பர் நிஜமா விழறப்போ நாம ரொம்ப லேட் ஆயிருப்போம்.

அதனால அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, கான்சென்ட்ரேட்டர் இப்போ வேண்டாம். ஆக்சிஜன் மட்டும் குடுத்தா மிஷின்ல நம்பர் அழகா 98 ஆயிடும், ஆனா மூச்சு பத்தலங்கற சிக்னல் மூளைக்குப் போறது குறைஞ்சு மூச்சு இன்னும் மந்தமாகி கார்பன் டை ஆக்சைடு ஏறிட்டே போகும், ஆள் நல்லா தூங்கறாருன்னு வீட்ல நினைப்பாங்க, எழுப்பினா எழுந்திருக்க மாட்டாரு. நான் போயிட்டிருந்த ஒரு வீட்ல அப்படித்தான் நடந்துச்சு, நல்ல எண்ணத்துல சொந்தக்காரர் ஒருத்தர் வாடகைக்கு எடுத்து வெச்ச மிஷின். நல்லவேளையா நேரத்துக்கு ஆஸ்பத்திரி கொண்டு போயிட்டாங்க. அப்பாவுக்கு வேண்டியது காத்தை உள்ள தள்ளி மூச்சுக்குக் கை குடுக்கிற பைபாப். சிபாப் இல்ல, அது குறட்டைக்காரங்களுக்கு, ஒரே அழுத்தம் தான் குடுக்கும், கடைல ரெண்டும் ஒன்னுதான்னு சொன்னாலும் வாங்காதீங்க. அவரா மூச்சு இழுக்கலன்னாலும் மிஷினே மூச்சு குடுக்கிற பேக்அப் ரேட் உள்ள எஸ்டி மோடு பைபாப் தான் கேக்கணும், அதுவும் டாக்டர் செட்டிங் எழுதிக் குடுத்த பிறகு.

ஆக்சிமீட்டரைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்லல, அதைப் பாக்கிற விதத்தை மாத்துங்க. ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், அங்க நல்லா இருக்கிறவங்களுக்கே சேலத்துல இருக்கிறதவிட ஒன்னு ரெண்டு பாயிண்ட் கம்மியா காட்டும், அதனால உங்க அப்பாவோட நார்மல் எதுன்னு மலை மேலயே நல்லா இருக்கிற நாள்ல பாத்து எழுதி வெச்சுக்கோங்க, கூடவே உங்களுக்கும் ஒரு தடவை மாட்டிப் பாருங்க. மார்கழி தை மாசத்துல விரல் சில்லுன்னு இருந்தா தப்பா கம்மியா காட்டும், கைய தேச்சு சூடு பண்ணி, ஒரு நிமிஷம் அசையாம வெச்ச பிறகு பாக்கணும். விரல்ல மருதாணி கருப்பா அப்பிருந்தா வேற விரல்ல பாருங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். பகல்ல உக்காந்திருக்கிறப்போ எப்பவும் இருக்கிறதவிட ரெண்டு மூணு பாயிண்ட் எறங்கி அப்படியே நின்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசணும். இதவிட பயனுள்ளது ராத்திரி பூரா மாட்டி ரெக்கார்ட் பண்ற ஆக்சிமீட்டர், சாதாரண மிஷின் மாதிரியே தான் இருக்கும், உள்ள மெமரி இருக்கும், ஸ்லீப் டெஸ்ட் பண்றவங்க வாடகைக்கு தருவாங்க. அதுல தொடர்ச்சியா 5 நிமிஷம் 88 அல்லது அதுக்குக் கீழ இருந்தா பைபாப் ஆரம்பிக்க அது ஒன்னே போதுமான காரணம்.

இனி வீட்லயே காசு செலவில்லாம பாக்கக் கூடியது. அப்பாவை நிமிந்து உக்கார வெச்சு, நல்லா மூச்சை இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சுல எண்ணச் சொல்லுங்க. நொடிக்கு ரெண்டு எண்ணுங்கற வேகம், நல்லா இருக்கிற ஆளு 40க்கு மேல போயிடுவாரு. ஆனா நம்ம தமிழ்ல இருபத்தி ஒன்னு, இருபத்தி ரெண்டுன்னு போனா ஒவ்வொன்னும் நீளமாயிடும், வேகம் குறைஞ்சு கணக்கு தப்பும், அதனால ஒன்னுல இருந்து பத்து வரைக்கும் திரும்பத் திரும்ப சொல்லச் சொல்லிட்டு எத்தனை பத்துன்னு நீங்க விரல் மடக்கிக்கோங்க. வாரம் ஒரு நாள், அதே சேர், அதே நேரம், சாப்பிடறதுக்கு முன்ன. போன மாசம் 32, இந்த மாசம் 24ன்னா அது பெரிய சேதி. 20 கிட்ட வந்துட்டா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. நாக்கு குழற ஆரம்பிச்சுட்டா இந்த டெஸ்ட்டை விட்டுடுங்க, அப்போ மூச்சு பத்தாம நிக்குதா நாக்கு சுத்தாம நிக்குதான்னு தெரியாது.

அப்புறம் மல்லாக்க படுக்க வெச்சு, போர்வைய விலக்கி வயித்த பாருங்க. மூச்சு இழுக்கிறப்போ வயிறு மேல எழும்பணும். அதுக்கு மாறா உள்ள போச்சுன்னா டயாஃப்ரம் ரொம்பவே சோர்ந்து போயிருக்குன்னு அர்த்தம். கழுத்துல ரெண்டு பக்கமும் தசை கயிறு மாதிரி தெரியுதா, ஒரு வாக்கியத்த முடிக்காம நடுவுல மூச்சு வாங்கறாரா, இதெல்லாம் தினம் கூட இருக்கிற உங்க கண்ணுக்குப் பழகிப் போயிருக்கும், அதனால மாசம் ஒரு தடவை போன்ல அதே இடத்துல அதே வெளிச்சத்துல ஒரு நிமிஷ வீடியோ எடுத்து வெச்சுடுங்க, படுத்தபடி மூச்சு விடறது கொஞ்சம், பேசறது கொஞ்சம். ரெண்டு மாச வீடியோவ அடுத்தடுத்து போட்டுப் பாத்தா வித்தியாசம் உங்களுக்கே தெரியும், டாக்டருக்கும் நூறு கேள்வி மிச்சம். இதோட சேத்து அப்பா குரல் நல்லா இருக்கிறப்போவே அவர் பேசறத நிறைய ரெக்கார்ட் பண்ணி வையுங்க, பேர் சொல்லிக் கூப்பிடறது, திட்டறது, பழைய எஸ்டேட் கதை சொல்றது எல்லாம். இது மருத்துவத்துக்காக சொல்லல.

நான் எல்லா வீட்லயும் அடிச்சு சொல்றது இருமல் பத்தி தான். மூச்சுக்கு எல்லாரும் பயப்படறாங்க, இருமலை யாரும் பாக்கறதில்ல. சாதாரண சளி ஒன்னு பிடிச்சு, அதை இருமி வெளிய தள்ள பலம் இல்லாம, நெஞ்சுல தங்கி நிமோனியா ஆகி ஆஸ்பத்திரிக்குப் போறவங்க தான் நான் பாத்ததுல அதிகம். ஆஸ்துமாக்காரங்க ஊதற பீக் ஃப்ளோ மீட்டர் மருந்துக்கடைல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதுல ஊதறதுக்கு பதிலா நல்லா மூச்சிழுத்து வாய இறுக்கிப் பிடிச்சு இருமச் சொல்லுங்க, உதடு இறுகலன்னா ஒரு மாஸ்க் சொருகிக்கலாம். மூணு தடவைல எது பெருசோ அதை எழுதுங்க. 270க்கு கீழ வந்தா இருமலுக்குத் துணை வேணும், 160க்கு கீழன்னா சொந்தமா சளிய வெளிய கொண்டு வர முடியாதுன்னு எடுத்துக்கணும். 270ன்னு இருக்கிறவருக்கு சளி பிடிச்சா தசை இன்னும் சோர்ந்து சரசரன்னு எறங்கும், அதனால நல்லா இருக்கிறப்போவே கத்துக்கணும். கையால அமுக்கி காத்தை உள்ள தள்ற ஆம்பு பையில ஒருவழி வால்வு வெச்சு மூணு நாலு தடவை காத்தை அடுக்கி நெஞ்சை நிரப்பி, இருமற அந்த நொடில வயித்து மேல கை வெச்சு மேல்நோக்கி ஒரு அழுத்து, இது ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட நேர்ல கத்துக்க வேண்டிய வித்தை, வீடியோ பாத்து பண்ணாதீங்க, சாப்பிட்ட உடனேயும் பண்ணக் கூடாது. காஃப் அசிஸ்ட் மிஷின்னு ஒன்னு இருக்கு, ரொம்ப நல்லா வேலை செய்யும், விலை தான் அதிகம்.

எடை. இதுல தான் வீட்ல பெரும்பாலும் கோட்டை விடறாங்க, நிக்க முடியாதவரை எப்படி எடை போடறதுன்னு விட்டுடறாங்க. ரெண்டு பேர் பிடிச்சு பாத்ரூம் ஸ்கேல்ல நிறுத்தினா வர்ற எடை எதுக்கும் ஆகாது. உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, எஸ்டேட்ல காபி மூட்டை போடற பிளாட்பார தராசு இருக்குமே, அதுல ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டு அப்பாவ உக்கார வெச்சு எடுங்க, அப்புறம் சேர் எடைய கழிச்சுக்கோங்க, மாசம் ரெண்டு தடவை. நோய் ஆரம்பிச்சப்போ இருந்த எடைல 5 சதவீதம் குறைஞ்சா டயட்டீஷியன பாக்கணும், 10 சதவீதம் கிட்ட போனா வயித்துல குழாய் வெக்கிற பெக் பத்திப் பேச்சைத் தொடங்கணும். பெக் வெக்கறதுக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் இருக்கு, ஊதற டெஸ்ட்ல எஃப்விசி, அதாவது நல்லா இழுத்து முழுசா ஊதி வெளிய விடற காத்தோட அளவு, 50 சதவீதத்துக்கு கீழ போறதுக்கு முன்னயே வெச்சுட்டா ரிஸ்க் கம்மி. சாப்பிட முடியாம போனப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டா அப்போ வெக்கிற அளவுக்கு மூச்சு இருக்காது. வெச்சாலும் வாயால ருசிக்கு சாப்பிடலாம், அது பலருக்குத் தெரியறதில்ல.

சாப்பாட்டுல தட்டு காலியாக எவ்வளவு நேரமாகுதுன்னு பாருங்க, அரை மணி நேரத்துல முடிச்சவரு முக்கால் மணி நேரம் எடுத்தா அதுவே ஒரு அளவு. தண்ணி குடிச்சா இருமறது, முழுங்கினதும் குரல் தண்ணி கோத்த மாதிரி கொழகொழன்னு வர்றது, இது ரெண்டும் எழுதி வெக்கணும். எல்லாரும் முடியாதவங்களுக்கு ரசம் சாதம் குடுப்பாங்க, ஆனா இந்த நோய்ல அதுதான் சிரமம், தண்ணி ஒரு வேகத்துல ஓடும், பருக்கை ஒரு வேகத்துல போகும், ரெண்டையும் தொண்டை சமாளிக்க முடியாது. கட்டியில்லாத கேழ்வரகு கூழ் பதம், மசிச்ச பருப்பு சாதம், தயிர் இதெல்லாம் நல்லா போகும். தாடைய கொஞ்சம் கீழ இறக்கி முழுங்கச் சொல்லுங்க, சாப்பிட்டு அரை மணி நேரம் சாய வேண்டாம்.

கை கால் நடைக்கு ஒரு ஸ்கோர் இருக்கு, ஏஎல்எஸ்எஃப்ஆர்எஸ்-ஆர்னு பேரு, 12 கேள்வி, மொத்தம் 48 மார்க், பேச்சு, முழுங்கறது, எழுத்து, படி ஏறறது, மூச்சு எல்லாம் வரும். போன்லயோ வீட்லயோ நீங்களே போடலாம், டாக்டருங்க அதை நம்புவாங்க. சராசரியா மாசத்துக்கு ஒரு மார்க் மாதிரி குறையும், ஆனா ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும், அதனால மாசம் ஒரு தடவைக்கு மேல போடாதீங்க, வாரா வாரம் போட்டா மனசு தான் வலிக்கும். ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அதுக்கு ஸ்கோர் போட்டுட்டு உக்காராதீங்க, ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே காட்டணும். காரணமில்லாம அழுகையோ சிரிப்போ பொத்துக்கிட்டு வந்தாலும் அது நோயோட பாகம், மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லுங்க. இந்த நோய்க்குக் குடுக்கிற ரிலுசோல் மாத்திரை சாப்பிட்டா முதல் மூணு மாசம் மாசாமாசம் லிவர் டெஸ்ட், அதுக்கப்புறம் இடைவெளி விட்டு.

இதே மாதிரி டூஷேன் தசைச்சிதைவு இருக்கிற பசங்களோட அம்மாக்களும் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். உங்களுக்கும் இருமல், ராத்திரி மூச்சு எல்லாம் இதே கணக்கு தான், ஆனா கூடவே இதயம். பையன் ஓடியாடலன்னா இதயம் சோர்றது வெளிய தெரியவே தெரியாது, அதனால அறிகுறி இல்லாட்டியும் வருஷா வருஷம் எக்கோ எடுத்தே ஆகணும். ஸ்டீராய்டை ஒரு நாளும் திடீர்னு நிறுத்தாதீங்க. எந்த ஆபரேஷனா இருந்தாலும், பல் பிடுங்கறதா இருந்தாலும், மயக்கம் குடுக்கிறவங்ககிட்ட நோய் பேர முன்கூட்டியே சொல்லணும், சக்சினைல்கோலின்ங்கற மருந்து இவங்களுக்குப் போடவே கூடாது.

பைபாப் வந்த பிறகு மலைல தனியா சில கஷ்டம் இருக்கு. மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போனா எப்போ வரும்னு சொல்ல முடியாது, அதனால மிஷினோட சேத்தே இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கிடுங்க, கரண்ட் இல்லாதப்போ காத்தை ஈரமாக்கற ஹியூமிடிஃபையர ஆஃப் பண்ணினா பேட்டரி ரொம்ப நேரம் தாங்கும், சூடு பண்றது தான் கரண்ட்ட உறிஞ்சறது. குளிர்ல டியூப்குள்ள தண்ணி கோத்து மாஸ்க்ல சொட்டும், டியூப்புக்குத் துணி சுத்தி, மிஷின தலைய விடத் தாழ வெச்சா நிக்கும். மிஷின் ஸ்கிரீன்லயே எத்தனை மணி நேரம் போட்டாரு, எவ்வளவு லீக்ன்னு காட்டும், ராத்திரி 4 மணி நேரத்துக்கு மேல போயிட்டா பழகிட்டாருன்னு அர்த்தம், மூக்குத்தண்டுல புண் வருதான்னு தினம் காலைல பாருங்க.

எப்போ கீழ இறங்கணுங்கறத முன்னாடியே வீட்ல பேசி எழுதி வெச்சுடுங்க. 20 கொண்டை ஊசி வளைவு, ராத்திரி மூடுபனி, குப்பனூர் ரோட்டுல போனாலும் நேரம் ஆகத்தான் செய்யும். சமவெளில இருக்கிறவங்க மூச்சு வாங்கினதும் கிளம்பினா போதும், நீங்க அதுக்கு ஒரு படி முன்னாடி கிளம்பணும். சளி பிடிச்சு இருமல் அளவு எறங்கிடுச்சா, சளி நிறம் மாறி காய்ச்சல் வந்துச்சா, பகல்லயும் பைபாப் கேக்கறாரா, அன்னைக்கு வெளிச்சம் இருக்கிறப்போவே இறங்கிடுங்க. எழுப்பினா சரியா முழிக்கலன்னா 108 தான், பைபாப மாட்டியபடியே போகணும், மிஷின மறந்துடாதீங்க. கூடவே ஒரு பேப்பர் டாக்டர் கையெழுத்தோட இருக்கணும், நோய் பேரு, கார்பன் டை ஆக்சைடு தேங்கற ஆளு, ஆக்சிஜன் தேவைப்பட்டா பைபாப்போட சேத்து மட்டும், ஆக்சிமீட்டர்ல 88ல இருந்து 92 வரைக்கும் இருந்தா போதும்னு. ராத்திரி கேஷுவால்ட்டில இருக்கிற சின்ன டாக்டர் இந்த நோய நிறைய பாத்திருக்க மாட்டாங்க, மூச்சுத் திணறல்ன்னு சொன்னதும் ஆக்சிஜன் மாஸ்க் தான் கைல எடுப்பாங்க, அது அவங்க தப்பில்ல, அந்தப் பேப்பர் பேசட்டும்.

உதவின்னு பாத்தா மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021ல இருந்து நடக்குது, பிசியோவும் வலிநிவாரண நர்ஸும் வீட்டுக்கே வருவாங்க, ஏற்காட்டுல உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல தசைச்சிதைவும் நாள்பட்ட நரம்பியல் நோயும் வருது, அதனால மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி கார்டு போட்டுடுங்க, கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல பராமரிப்பு உதவித்தொகை பத்தியும் கேளுங்க. கீழ சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, அண்ணன் பெங்களூர்லயே இருக்கிறதால நிம்ஹான்ஸ் நரம்புத்தசை கிளினிக்கும் உங்களுக்கு எட்டற தூரம் தான்.

கடைசியா கேட்டது, அப்பாகிட்ட நம்பர சொல்லலாமான்னு. அவர்கிட்டயே கேளுங்க. சிலர் நோட்ட வாங்கி தானே எழுதுவாங்க, சிலர் என்கிட்ட சொல்லாதே நீயே பாத்துக்கோன்னுடுவாங்க, ரெண்டும் சரி. ஆனா பெக் வெக்கலாமா, ஒரு நாள் தொண்டைல ஓட்டை போட்டு வென்டிலேட்டர் வெக்கிற நிலைமை வந்தா வேணுமா வேண்டாமா, இந்த ரெண்டும் அவர் வாயால சொல்ல வேண்டியது, பேச்சு இருக்கிறப்போ கேளுங்க, அண்ணனையும் வரச் சொல்லி சேந்து உக்காந்து கேளுங்க. மிச்ச நேரத்துல அந்த ஆக்சிமீட்டர் அலமாரிலயே இருக்கட்டும். இந்த வாரம் டாக்டர்கிட்ட போறப்போ எஃப்விசிய உக்கார வெச்சும் படுக்க வெச்சும் ரெண்டு விதமா எடுக்கச் சொல்லுங்க, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு பாக்கிற ஏபிஜியும் கேளுங்க, 45க்கு மேலன்னா பைபாப்ப இனி தள்ளிப் போட வேண்டாம், ரிசல்ட் வந்ததும் எழுதுங்க, எந்த மாஸ்க் வாங்கறதுன்னு அப்போ சொல்றேன்.